சுபேதாருக்க பிஸ்டல்

— அதுக்க வாய எனக்க வயித்துக்கு நேரா பிடிக்காத லே, எபிசா. சொவரப் பாத்துத் திருப்பு.

— உள்ள ஒண்ணும் இல்ல மாமா. காலிண்ணு சொல்லித்தானே கடைக்காரரு கையில தந்தாரு.

— கடைக்காரரு சொல்லுவாரு, கலெக்டரும் சொல்லுவாரு. பட்டாளத்துல இருபத்தாறு வருசம் எனக்கு துப்பாக்கி ரிப்பேருதான் வேல, பாத்துக்க. காலிண்ணு சொன்ன துப்பாக்கி வெடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனவன் எத்தன பேருண்ணு எனக்குத் தெரியும். இங்க தா. மொதல்ல மேகசின உருவணும். பெறவு இத பின்னால இழுத்து உள்ள எட்டிப் பாக்கணும். ஆங். இப்பம் காலி.

— ஓகே மாமா, ஓகே.

— நேசபாய் டீச்சர், நீங்க அந்த ஃபேனுக்க கீழ இருங்க. சுபேதாருக்க பொருளு. நீங்க பாத்துக்கிட்டு இருக்கும்போது கழட்டிப் போடதுக்கு எனக்கு ஒருமாதிரி இருக்கு.

— கழட்டுங்க ஆன்ட்ரூஸ் அண்ணே. அதுக்குத்தானே வந்தோம். எனக்க பேருல லைசென்ஸ் கெடையாது. எனக்க வீட்டுக்காரரு போன நாளுல இருந்து ஒரு வருசமா இந்தத் துப்பாக்கிக் கடை இரும்புப் பெட்டியிலதான் கெடக்கு. வீட்டுல வைக்கவும் வழியில்ல, அவியளோட சேத்து பொதைக்கவும் வழியில்ல.

— அதான் மைனி, நான் எடுத்துக்கிடலாம்ணு கேட்டது. அண்ணன் வச்சிருந்தது வேற யாரு கைக்கும் போகாண்டாம். எனக்கும் லைசென்ஸ் கெடைக்க ஒண்ணரை வருசம் ஆச்சு. புதுசுக்கு எழுதிப் போட்டா அது வருகதுக்குள்ள நான் உண்டோ இல்லையோ.

— நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல அப்பிடிப் பேசாத தம்பி.

— இதுல என்ன மைனி நல்ல காரியம்? மாமா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எடுத்தா சுடுமா? நூத்துக்கு நூறு கேரண்டி உண்டா? கத்தாருல பன்னெண்டு வருசம் சேஃப்டி வேல பாத்தவன் நான். தொண்ணூத்தொம்பதுண்ணு சொன்னா எனக்கு வேண்டாம்.

— மாட்டுச் சந்தைக்குப் போனா என்ன செய்வ? மாட்டுக்க மினுமினுப்பப் பாத்தா வாங்குவ? வாயத் தெறந்து பல்லப் பாப்பியா மாட்டியா? துப்பாக்கியும் அப்பிடித்தான், பாத்துக்க. வெளிய பளபளண்ணு இருக்கு. சுபேதாரு கீழ போட்டதுபோலத் தெரியல்ல. கைப்பிடியில ஒரு கீறல் உண்டு, அது சும்மா கீறல். இனி கொழாய வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கணும். மேகசினுக்க ஸ்பிரிங்கு தளந்துருக்காண்ணு பாக்கணும். எல்லாத்துக்கும் மேல, தோட்டாவுக்க பின்னால குத்துகதுக்கு உள்ள ஒரு ஊசி உண்டு. அது ஒழுங்காட்டு போயிட்டு வருதாண்ணு பாக்கணும். அவசரப்படாத.

— அவசரமாட்டுதான் மாமா இருக்கு. போன செவ்வாய்க்கெழம குளத்துக் கரையில ஒரு டாரஸ் லாரி எனக்க பைக்குக்குப் பின்னாலயே வந்துது. கல்லு லாரி. ஹாரனும் அடிக்கல்ல, முந்தவும் இல்ல. நான் மெதுவாப் போனா அவனும் மெதுவாப் போறான். நான் நிறுத்துனா அவனும் நிறுத்துகான். வீடு வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போனான்.

— ஸ்டேசன்ல சொன்னியா?

— சொன்னேன். ரோடு எல்லாருக்கும் பொதுதானேண்ணு கேட்டாவ.

— கலெக்டர் ஆபீசுல?

— திங்கக்கெழம தோறும் மனு. எனக்க மொகத்தப் பாத்தாலே பியூன் ரசீதுல சீலு குத்தி நீட்டிடுதான். முன்னால அண்ணன் மனு எழுதுவாரு, நான் பின்னால நிப்பேன். இப்பம் நான் எழுதுதேன், பின்னால ஒருத்தரும் இல்ல. குவாரிக்காரன் வெட்டி வெட்டி பாறையில பாதி போயாச்சு மாமா. கோயில் சொவரு கீறிட்டு. அஞ்சு மணிக்கு வெடி வச்சா எனக்க சுபிதா அடுப்புல இருக்க பாலத் தூக்கிக் கையில வச்சிட்டு நிக்கா.

— சுபிதா இத வாங்கச் சொல்லுகாளா?

— பிஸ்டல் வீட்டுக்குள்ள வந்தா நான் பிள்ளையளக் கூட்டிட்டு எங்க அம்மைக்க வீட்டுக்குப் போயிருவேண்ணு சொல்லுகா. பிஸ்டல் இல்லாம நீங்க வெளிய எறங்குனா எனக்கு ஒறக்கம் வராதுண்ணும் அவதான் சொல்லுகா. நான் என்ன செய்ய?

— பொம்பளைக்கு அப்பிடித்தான் தம்பி இருக்கும். ரெண்டும் உண்மைதான். நீ அவள ஒண்ணும் சொல்லாத.

— டீச்சர், ஒண்ணு கேட்டா வருத்தப்படப்பிடாது. அன்னைக்கு நடந்தத நான் பேப்பர்ல ஒருமாதிரி படிச்சேன், டீக்கடையில வேறமாதிரி கேட்டேன். நேரா பாத்தவன் இவன் ஒருத்தன்தான். பிஸ்டலுக்கு என்ன நடந்துதுண்ணு தெரியாம இது நல்லதுண்ணு நான் வாயத் தெறக்க முடியாது.

— சொல்லச் சொல்லுங்க. போலீசுட்ட எழுதிக் குடுத்தத்தானே சொல்லப்போறான். சொல்லு தம்பி, தெளிவாட்டு சொல்லு.

— மைனி, நீங்க இருக்கும்போது...

— அத நான் வாசிச்சிருக்கேன். கையெழுத்துக்கு மேல தேதி தப்பாட்டு போட்டிருந்த.

— கிறிஸ்மஸ் கழிஞ்சு நாலாம் நாளு மாமா. காலத்த ஆறு மணி. நல்ல பனி. பெர்மிட் இல்லாத லோடு அந்த நேரத்துலதான் கடத்துவானுவ. நம்பர் பிளேட்டோட போட்டோ எடுக்கணும்ணுதான் போனோம். நான் மதகுக்கப் பக்கம் நின்னேன். லாரி வளைவுல திரும்புனதும் அண்ணன் ரோட்டுக்கு நடுவுல போய் நின்னுட்டாரு. நான் வாங்க அண்ணாண்ணு விளிச்சேன். 'நீ ஒதுங்கு லே, நான் டயரச் சுடுதேன்'ண்ணு சொன்னாரு. இடுப்புல இருந்து எடுத்து கைய நீட்டுனாரு. நான் காதப் பொத்துனேன். சத்தம் வரல்ல.

— எவ்வளவு நேரம் நின்னாரு?

— நாலு எண்ணலாம் மாமா. கூடுனா அஞ்சு. அப்பிடியே நின்னாரு. பெறவு லாரிதான் தெரிஞ்சுது.

— 'அப்பிடியே நின்னாரு'ண்ணுதான் ஸ்டேசன்லயும் எழுதிக் குடுத்த.

— பாத்ததச் சொல்லுண்ணு சொன்னாவ மைனி. பாத்தத எழுதுனேன்.

— கொறையாட்டு சொல்லல்ல தம்பி. நீ பாத்தத எழுதுன.

— அதுல இருந்துதான் ஊருல அந்தப் பேச்சு கிளம்பிச்சு. பட்டாளத்துக்காரன் பிஸ்டல நீட்டிட்டு நடுங்கிட்டு நின்னாம்ணு. கல்லறையில 'நல்ல போர்ச்சேவகன்'ணு எழுதுனதப் பாத்து பயலுவ சிரிக்கானுவளாம்.

— சிரிச்சா சிரிக்கட்டும் அண்ணே. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல.

— ஒங்களுக்குப் பொறுமை உண்டு. எனக்குக் கேக்கும்போது கைய ஓங்கத் தோணும். லடாக்குல ரெண்டு பனிக்காலம் நின்ன மனுசன் அவரு.

— அண்ணே, எனக்கு ஒரு காரியம் தெரியணும். எபிசனுக்கு இது ஒத்துக்கிடுமா இல்லையாங்கத நீங்க அவண்ட்ட சொல்லுங்க. எண்ட்ட இத மட்டும் சொல்லுங்க. அவிய டிரிக்கர அழுத்துனாவளா, அழுத்தல்லையா? இந்த இரும்பப் பாத்து அதச் சொல்ல முடியுமா?

— இரும்பப் பாத்துச் சொல்ல முடியாது. தோட்டா இருந்தா சொல்லலாம். அன்னைக்கு உள்ள இருந்த தோட்டா எங்க?

— இந்த கவருல உண்டு மாமா. ஆக்சிடென்ட் கேசுண்ணு எழுதிட்டதால போலீசு பிஸ்டலயும் தோட்டாவயும் பேருக்கு வாங்கி, இந்தக் கடையில ஒப்படைச்சுட்டு போயிட்டாவ. ஒருத்தரும் பாக்கல்ல. ஏழு எண்ணம். வாங்கும்போது ஒண்ணு உள்ளயே இருந்துதாம், கடைக்காரருதான் எடுத்து மத்ததோட சேத்துப் போட்டாராம்.

— அப்பம் பாத்துருவோம். டீச்சர், ஒங்களக் கடைக்காரரு கைகாட்டி விளிக்காரு.

— ஆதாருக்கும் மரண சர்டிபிகேட்டுக்கும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் வேணுமாம்.

— தாங்க மைனி, நான் போயிட்டு வாறேன்.

— நீ இங்க இரு. நான் போறேன். கழட்டுகதப் பாக்க எனக்கு இப்பம் தெம்பு இல்லாம ஆயிட்டு. கர்த்தருக்குச் சித்தமானா வரும்போது அண்ணன் சொல்லட்டும்.

— பைய படியெறங்குங்க டீச்சர். அந்த மூணாவது படி ஒடஞ்சு கெடக்கு.

— மாமா, மைனிக்கு நல்ல பதில் ஒண்ணு சொல்லணும். ஒரு வருசமாச்சு, அவிய எனக்க வீட்டுல வந்து ஒரு காப்பி குடிக்கல்ல. கொறை இல்லண்ணு சொல்லுகாவ, எனக்குத் தெரியும் கொறை உண்டுண்ணு.

— மொதல்ல துணிய விரி. அந்த விளக்கக் கிட்ட நீக்கு. இதுதான் மேல்மூடி. இது கொழாயி. வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு, உள்ள வரி வரியாட்டு ஒரு திருகல் தெரியுதா?

— தெரியுது.

— தெளிவாட்டு இருந்தா கொழாயி நல்லது. இது அதிகம் சுடாத பிஸ்டல். ஸ்பிரிங்கு கெட்டியாட்டு இருக்கு. தோட்டாவக் கொத்தி வெளிய எறியுற நகம் முழுசாட்டு இருக்கு. நல்ல பொருளு லே இது. இனி ஊசி.

— என்ன மாமா நிறுத்திட்டிய?

— கொஞ்சம் பொறு.

— என்ன?

— இந்த ஊசி வெரல் வச்சு அமுக்குனா முன்ன போவணும், விட்டா டக்குண்ணு பின்ன வரணும். இது போவ மாட்டேங்குது. அமுக்கு நீ. பாத்தியா? சகதியில மாட்டுன கால் போல இழுக்கு. அந்த குண்டூசியத் தா. உள்ள என்னமோ அப்பி இருக்கு. மஞ்சளாட்டு, மெழுகு போல.

— கிரீசா?

— கிரீசு இப்பிடி இருக்காது. துப்பாக்கி எண்ணயும் இப்பிடிக் கட்டாது. இந்தா, மோந்து பாரு.

— தேங்காண்ண.

— சத்தம் போடாத.

— தேங்காண்ணதான் மாமா. நல்ல செக்கெண்ண. மைனிக்க வீட்டுல எல்லாத்துக்கும் இதுதான். தோசைக்கும் இதுதான், தலைக்கும் இதுதான், கதவுக்க கீலுக்கும் இதுதான்.

— துப்பாக்கிக்கும் இதுதான். சுபேதாரு இதச் செய்ய மாட்டாரு. பட்டாளத்துல ரெக்ரூட்டா சேர்ந்த மொத வாரம் இதத்தான் சொல்லித் தருவாவ. கண்ட எண்ணயும் விடப்பிடாதுண்ணு.

— அண்ணன் விடல்ல மாமா. கண்ணு ஆபரேசன் கழிஞ்ச பெறவு அவருக்கு இந்தச் சின்னச் சின்ன சாமானம் ஒண்ணும் தெரியாது. மைனிதான் தொடச்சு வைப்பாவ. நான் பாத்திருக்கேன். சனிக்கெழம மத்தியானம் அடுக்கள மேசையில துணி விரிச்சு, பழைய பல்லு பிரஷ் வச்சு தொடப்பாவ. அண்ணன் பக்கத்துல இருந்துட்டு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுப்பாரு. எனக்கு அசிஸ்டென்ட் கெடச்சாச்சு லேண்ணு என்னப் பாத்து சிரிப்பாரு.

— மணம் தெரிஞ்சிருக்குமே.

— அந்த வீட்டுல எதுல மாமா தேங்காண்ண மணக்காது?

— செரிதான். துப்பாக்கி எண்ண தீந்திருக்கும். கடைக்கு வரணும்ணா பஸ் ஏறணும். எண்ணதானே, எதாயிருந்தா என்னண்ணு விட்டிருப்பாவ. விட்டு விட்டு உள்ள பிசுபிசுத்துக் கெடந்திருக்கு. அதுக்க மேல மார்கழி வந்திருக்கு. நம்ம ஊருல மார்கழி மாசம் காலத்த ஆறு மணிக்கு குப்பியக் கவுத்தா எண்ண வருமா?

— வெயில்ல கொண்டு வச்சாத்தான் உருகும்.

— அதான் சங்கதி. நமக்கெல்லாம் தெரியும். தெரிஞ்சாலும் அதயும் பிஸ்டலயும் சேத்து யாரு நெனைப்பா? கவர இங்க தா. தோட்டா ஒவ்வொண்ணாட்டு நிறுத்து. பின்பக்கம் மேல வரட்டும்.

— ஏழு.

— பின்னால நடுவுல சின்னதா ஒரு பொட்டு இருக்கா? மூக்குத்தி போல. ஊசி அதுல நறுக்குண்ணு குத்தணும், குத்துனா வெடிக்கும். இது மொழுக்குண்ணு இருக்கு. இதுவும். இதுவும். கண்ணாடிய எடு. இந்த அஞ்சாவதப் பாரு.

— கொசு கடிச்சதுபோல ஒரு தடம்.

— ஒண்ணா ரெண்டா? நல்லாப் பாரு.

— ரெண்டு. பக்கத்துப் பக்கத்துல.

— எபிசா, சுபேதாரு ரெண்டு தடவ அழுத்தியிருக்காரு.

— மாமா.

— ஊசி உள்ள எண்ணயில தவழ்ந்து போயி தட்டியிருக்கு. குத்துகதுக்கு வீச்சு இல்ல. மொத தடவ வெடிக்கல்ல. இந்த பிஸ்டல்ல ரெண்டாவது அழுத்தணும்ணா பின்னால இருக்க இந்த சுத்தியல கட்டவெரலால திருப்பி இழுக்கணும். அது தானா வராது. அப்பம் என்ன அர்த்தம்? லாரி வருது, கையில இருக்கது வெடிக்கல்ல. அந்த மனுசன் கை நடுங்காம சுத்தியல இழுத்து மறுபடியும் அழுத்தியிருக்காரு. நீ எண்ணுன நாலு எண்ணத்துல நடந்தது இதுதான்.

— நான் 'அப்பிடியே நின்னாரு'ண்ணு எழுதிக் குடுத்தேன்.

— நீ தூரத்துல நின்ன. வெரலு தெரியாது.

— நான் எழுதாம இருந்திருக்கலாம்லா. தெரியல்லண்ணு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. அந்த மனுசன் என்ன ஒதுக்கி விட்டுட்டு நின்னாரு மாமா. ஒரு வருசமா எனக்க வாயால அவர பேடியாக்கி வச்சிருக்கேன். மைனி வரட்டும், மொதல்ல இதச் சொல்லணும்.

— எதச் சொல்லுவ?

— அழுத்துனாருண்ணு.

— செரி. அடுத்தது என்ன கேப்பாவ?

— என்ன கேப்பாவ?

— பின்ன ஏன் வெடிக்கல்லண்ணு கேப்பாவளா மாட்டாவளா? வாத்தியாரம்மா லே. அப்பம் என்ன சொல்லுவ? நீங்க சனிக்கெழம தோறும் பாசமாட்டு விட்ட எண்ணதான் மைனி அண்ணனக் கொன்னுதுண்ணு சொல்லுவியா?

— சுட்டிருந்தா மட்டும் லாரி நின்னிருக்குமா மாமா? உண்மையச் சொல்லுங்க.

— பத்து டயரு லாரி. லோடு வேற. இந்தச் சின்னத் தோட்டா ஒரு டயருல பட்டா அவனுக்குத் தெரியவே தெரியாது.

— டிரைவர் கோர்ட்டுல சொன்னத நீங்க கேக்கல்ல. 'கைய நீட்டுனாரு, செல்போன்ல போட்டோ பிடிக்காருண்ணு நெனச்சேன், ஒரு வெடிச் சத்தம் கேட்டிருந்தா பிரேக்க சவுட்டியிருப்பேன்'ணு சொன்னான். அத மைனியும் கேட்டாவ. அன்னைக்கு அவியதான் எனக்குத் தண்ணி வாங்கித் தந்தாவ.

— எளவு. அப்பம் எண்ணயப் பத்தி வாயத் தெறக்க வழியே இல்ல.

— ஒண்ணுமே சொல்லாண்டாமா? பாத்தா தெரியல்லண்ணு சொல்லிருவோமா?

— அப்பம் அந்த மனுசனுக்கப் பேரு? பயலுவ கல்லறையப் பாத்து சிரிச்சிட்டே இருக்கணுமா? அதுக்கு எனக்கு மனசு வராது. அவிய கேட்டது அத ஒண்ணத்தான். எனக்க புருசன் அழுத்துனாராண்ணு. அதக் குடுக்கணும். மத்தத மறைக்கணும்.

— எப்பிடி?

— தோட்டா மேல போடுவோம். ஈரம் பிடிச்ச தோட்டாண்ணு சொல்லுதேன். எனக்க வாழ்க்கையில ஒரு துப்பாக்கியப் பத்தியும் நான் பொய் சொன்னதில்ல, பாத்துக்க. மேஜர் கேட்டப்பவும் சொல்லல்ல. இன்னைக்குச் சொல்லுதேன். நீ இடையில ஒண்ணும் பேசாண்டாம். அந்த மண்ணெண்ணக் குப்பிய எடு, அவிய வருகதுக்குள்ள இதத் தொடச்சுருவோம்.

— தொடச்சா நல்லாயிருமா இது?

— அதுதான் பெரிய சங்கடம். இதுல ஒரு கொறையும் இல்ல லே. ஒரு மணிக்கூர் வேல. கழுவித் தொடச்சு நல்ல எண்ண ரெண்டு சொட்டு விட்டா நீ கேட்ட கேரண்டி நூத்துக்கு நூறும் உண்டு. வாங்குறியா?

— தெரியல்ல மாமா. வாங்குனா நான் எங்க போய் நிப்பேண்ணு எனக்குத் தெரியும். வாங்கல்லண்ணா லாரிக்காரன் எங்க வந்து நிப்பாண்ணும் தெரியும்.

— மெதுவாப் பேசு. படியில செருப்புச் சத்தம்.

— எதுக்க இருக்க ஜெராக்ஸ் கடையில கரண்டு இல்லண்ணுட்டான். வடசேரி ரோடு வரைக்கும் போனேன். கடைக்காரருட்ட எல்லாம் குடுத்தாச்சு. முடிஞ்சுதா அண்ணே?

— முடிஞ்சுது. இருங்க டீச்சர்.

— நிக்கேன். சொல்லுங்க.

— இருங்க மைனி. வேர்த்துக் கொட்டுகு ஒங்களுக்கு.

— நீ எதுக்குத் தம்பி அழுத?

— நான் அழல்ல மைனி.

— டீச்சர், இந்தத் தோட்டாவக் கையில பிடிங்க. கண்ணாடியப் போட்டுக்கிடுங்க. அதுக்க நடுவுல ரெண்டு சின்னப் பள்ளம் தெரியுதா? சுபேதாரு அழுத்தியிருக்காரு. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. மொதல்ல வெடிக்கல்லண்ணு தெரிஞ்சதும் அசையாம நின்னு, சுத்தியல திருப்பி இழுத்து, மறுபடியும் அழுத்தியிருக்காரு. நான் பட்டாளத்துல பெரிய பெரிய ஆபீசரெல்லாம் பாத்திருக்கேன். அந்த நேரத்துல அது ஒருத்தனுக்கும் வராது. ஒங்க வீட்டுக்காரரு பயப்படல்ல. இத நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்.

— ரெண்டு தடவயா?

— ரெண்டு தடவ.

— மைனி, நான் எழுதிக் குடுத்தது தப்பு. வாற ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு நடுவுல பாஸ்டர் ஐயருட்ட கேட்டு, எழும்பி நின்னு எல்லாருக்க முன்னாலயும் சொல்லுதேன். ஸ்டேசன்லயும் போய் மாத்தி எழுதுதேன்.

— வேண்டாம்.

— இல்ல மைனி, நான் சொல்லியே ஆவணும்.

— வேண்டாம்ணு சொன்னேம்லா. அண்ணே, மொத தடவைக்கும் ரெண்டாவது தடவைக்கும் நடுவுல அவியளுக்கு ஒதுங்க நேரம் இருந்துதா?

— டீச்சர், அதெல்லாம் இப்பம் எதுக்கு?

— இருந்துதா, இல்லையா?

— இருந்துது. ஒரு எட்டு வச்சா போதும். அவரு ஒதுங்கல்ல. கையில இருக்கத நம்பி நின்னாரு.

— நம்பி நின்னாவ.

— ஆமா.

— பின்ன ஏன் வெடிக்கல்ல?

— தோட்டாதான் டீச்சர். ஈரம் பிடிச்ச தோட்டா. கடக்காத்துல உப்பு ஏறி உள்ள மருந்து செத்துப் போயிட்டு. பிஸ்டல்ல ஒரு கொறையும் இல்ல. யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது.

— அது அந்த மாசம் இதே கடையில வாங்குன தோட்டா. நானும் கூட வந்தேன்.

— புதுசுலயும் சொத்த உண்டு மைனி. மாமாவுக்குத் தெரியும்.

— நீ பேசாத தம்பி. அண்ணே, ஒங்க வெரல ஒருதடவ மோந்து பாருங்க.

— டீச்சர்.

— மண்ணெண்ணைக்கும் மேல மணக்குது. நடையில கால் வைக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுட்டு. எனக்க அடுக்கள மணம் எனக்குத் தெரியாதா?

— செரி. மறைக்கணும்ணு பாத்தோம், முடியல்ல. ஆனா ஒண்ணு கேளுங்க டீச்சர். அறியாமச் செஞ்சதுக்குப் பாவம் இல்ல. எண்ண தீந்திருக்கும், இருந்தத விட்டிய. மார்கழியில உறையும், அது ஊசியப் பிடிக்கும்ணு ஒரு பொம்பள எங்க போய் நெனைப்பா?

— லடாக்குல எண்ண உறைஞ்சு துப்பாக்கி சுடாமப் போன கதைய அவிய எனக்கு எத்தன தடவ சொல்லியிருப்பாவண்ணு நெனைக்கிய? கல்யாணம் கழிஞ்ச மொத வருசத்துல இருந்து கேக்கேன். துப்பாக்கி எண்ணக் குப்பி இப்பவும் பீரோவுல நெறஞ்சு இருக்கு. அதுல ஒரு சொட்டும் நான் எடுக்கல்ல.

— மைனி, என்ன சொல்லுதிய?

— ஒவ்வொரு நாளும் சாப்பிட உக்காரும்போது சொல்லுவாவ, ஒருத்தனயாவது போட்டுட்டுத்தான் நேசம் நான் போவேண்ணு. சொன்னதச் செய்யுத மனுசன். லாரியில வாறவனும் ஒரு வீட்டுக்கு அரிசி வாங்குகவன்தானே. ஒரு உயிர எடுத்துட்டு வந்து எனக்கப் பக்கத்துல முட்டுப் போட்டு ஜெபம் பண்ணுனா நான் எப்பிடி ஆமென் சொல்ல? பிடுங்கி வைக்கதுக்குத் தெம்பு இல்ல. அதான் மார்கழி பொறந்ததும் குப்பிய மாத்துனேன். அவிய பக்கத்துல இருந்து இன்னும் ரெண்டு சொட்டு விடு, இன்னும் ரெண்டு சொட்டு விடுண்ணு சொன்னாவ. நானும் விட்டேன்.

— ஆண்டவரே.

— ஊரு சிரிக்கும்போதெல்லாம் நான் உள்ளுக்குள்ள ஸ்தோத்திரம் சொன்னேன் அண்ணே. பயந்து நின்னாவ, டிரிக்கரத் தொடவே இல்ல, அப்பம் எனக்க எண்ணைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லண்ணு. எபிசன் எழுதுன அந்தக் காயிதத்த வேதாகமத்துல வச்சிருக்கேன். ஒறக்கம் வராத அன்னைக்கு அதத்தான் எடுத்து வாசிப்பேன்.

— டீச்சர், இத முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான்...

— தோட்டாவுக்குச் சொன்ன பொய்ய டிரிக்கருக்குச் சொல்லியிருக்கப்பிடாதா அண்ணே? அவிய பயந்துட்டாவண்ணு நீங்க சொல்லுவியண்ணுதான் நான் வந்தேன்.